உண்மை சொன்ன பிள்ளைக்கு ஏசாதீர்கள்

போன வருடம் ஒருநாள் என் மகன் ரியூசன் முடிந்து ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தான். சைக்கிள் சில்லெல்லாம் கடல் மண்.

"எங்க போட்டு வாறாய்?"

"டச்பேக்கு அம்மா, கூட்டாளிமாரோட."

டச்பே எங்கள் திருகோணமலைக் கடற்கரை. ஒளிக்காமல் சொன்னான். நானோ நன்றாக ஏசிவிட்டு, ஒரு கிழமைக்குப் போனையும் பறித்து வைத்தேன். அதற்குப் பிறகு எப்போது பிந்தினாலும் "மேலதிக வகுப்பு" என்ற ஒரே பதில்தான். அவனைப் பொய்க்குப் பழக்கியது நான்.

பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் நாங்கள் விடும் பெரிய பிழை இதுதான் என்பேன். ஹாகான் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற ஆய்வாளர்கள் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி பிள்ளைகள் தாமாக வந்து சொன்னது. துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் அறிந்தது குறைவு.

பிள்ளை நித்திரையானதும் வாட்ஸ்அப்பைக் கிண்டுவதும், தங்கச்சியை உளவுக்கு அனுப்புவதும் வேண்டாம். பிடிபட்டால் அந்த வீட்டில் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள். கட்டுப்பாட்டை முகத்துக்கு நேரே சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு எல்லாருடைய போனும், என்னுடையதும்தான், ஹோலில் சார்ஜுக்குப் போகும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும்.

"நான் என்ர பிள்ளையை நம்புறன்" என்று ஒன்றுமே கேட்காமல் விடுவதும் பிழைதான். வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று திருகோணமலையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிள்ளை நல்லவன் என்பதற்காக அலை அடங்காது. கூட்டாளிகள் பக்கத்தில் நின்றால் இந்த வயதில் துணிச்சலும் கூடும். யாரோடு போகிறான், எத்தனை மணிக்கு வருவான், கடலில் இறங்குவானா என்று கேட்டே ஆகவேண்டும். மகளிடம் கேட்பதை மகனிடமும் கேளுங்கள்.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால், பிள்ளை பயந்து ஒளிப்பது முதலில் எங்களிடம்தான். "என்ன நடந்தாலும் ஏசமாட்டன், வந்து சொல்லு" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தையும் பிள்ளை அறிந்திருக்கட்டும்.

நான் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பழையபடி கதைக்க மாதக்கணக்கானது. போன கிழமை வாசலில் நின்று, "டச்பேக்குப் போறன், ஆறரைக்கு வந்திருவன்" என்றான். வரும்போது ஏழு மணி. ஏன் பிந்தினாய் என்று மட்டும் கேட்டேன்.

"பக்கத்துக் கோட்டைக்குள்ள ஒரு மான்குட்டி அம்மா, பார்த்துக்கொண்டு நிண்டிட்டம்."