தாராவியில் இருந்து ஊர் எஃப்.எம்.முக்கு விளம்பரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராவியில் நம்மாட்கள் பலருக்கு நெல்லைப் பக்கம் ஒரு கடை இருக்கும். தம்பியோ மச்சானோ பார்த்துக்கொள்வார். தீபாவளி நெருங்கினால் திருநெல்வேலி எஃப்.எம்.மில் விளம்பரம் கொடுக்கலாமா என்று பேச்சு வரும். தாராளமாகக் கொடுக்கலாம். நான் செய்த தவறை மட்டும் செய்யாதீர்கள்.

முக்கூடலில் தம்பி பாத்திரக்கடை திறந்தபோது 20 விநாடி விளம்பரம் கொடுத்தேன். கடைப் பெயர், சரக்கு, தள்ளுபடி, இரண்டு செல் நம்பர், எல்லாவற்றையும் திணித்தோம். ஊருக்குப் போனபோது அத்தை திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும், பக்கத்தில் ரேடியோ. நம் விளம்பரம் ஓடி முடிந்தது. "கேட்டியளா அத்தை?" என்றேன். தலை நிமிராமல், "என்னமோ நம்பர் நம்பரா சொல்லுதான்" என்றாள்.

எஃப்.எம். கேட்கிறவர் கை சும்மா இருக்காது. பீடி, அடுப்பு, இல்லாவிட்டால் ஸ்டியரிங். யாரும் நம்பரைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள். நிதானமாகப் பேசினால் 10 விநாடிக்கு இருபது சொல்தான் தேறும். ஒரு செல் நம்பர் அதில் பாதியைத் தின்றுவிடும். நம்பரை எடுத்துவிட்டு, "முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே" என்பதை இரண்டு தடவை சொல்ல வைத்தோம். விளம்பரம் 10 விநாடியாகச் சுருங்கியது. 10 விநாடிக் கணக்கில்தான் காசு என்பதால் செலவும் பாதியானது.

இங்கே பிறந்து வளர்ந்த பையனைப் பேசவைத்து அனுப்பவும் வேண்டாம். அந்நியக் குரலை ஊர்க்காரர் காது உடனே கண்டுபிடித்துவிடும். நிலையத்திலேயே குரல் கொடுக்க ஆள் உண்டு.

அப்புறம், மாவட்டம் முழுக்கக் கேட்கும் என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது, மலை மறைத்தால் இரைச்சல்தான். தாராவியில் உட்கார்ந்து செல்போன் ஆப்பில் கேட்டால் இது தெரியாது. கடை இருக்கும் தெருவில் சாதாரண ரேடியோவைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைத் திறப்பைச் செய்தியில் சொல்லுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை, ஆகாசவாணி செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான்.

நாளுக்கு இரண்டு தடவை வீதம் மாதம் முழுக்க இழுப்பதைவிட, பண்டிகைக்கு முந்தைய ஒரு வாரம் நாளுக்கு எட்டு தடவை போடுவது மேல். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஓடியது என்ற பட்டியலைக் கேட்டு வாங்கிய பிறகு மீதிப் பணத்தை அனுப்புங்கள்.