அடித்து ஆடுபவருக்கு ஷட்டில் பேட் வாங்குவது எப்படி: ஷாஃப்ட்டை முதலில் பாருங்கள்

தர்மபுரியில் பைபாஸை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு கோர்ட்டில் வாரத்துக்கு நான்கு மாலை ஆடுகிறேன். இரட்டையர் ஆட்டத்தில் பின்னால் நின்று ஸ்மாஷ் அடிப்பதுதான் என் வேலை. போன வருடம் பார்ட்னரின் பேட்டோடு மோதி என் பழைய பேட் விரிசல் விட்டது. புதிதாக ஒன்று வாங்கினேன். மூன்றே மாதத்தில் அதைக் கைமாற்றிவிட்டு வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது முறை என்னவெல்லாம் பார்த்து வாங்கினேன் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். டாஸ் (எதிர்ப்பக்கப் பின்கோடு வரை உயரமாகத் தூக்கி அடிப்பது), டிராப் (நெட்டை ஒட்டி மெதுவாக விழச் செய்வது), ஸ்மாஷ் மூன்றும் உங்களுக்கு ஓரளவு வரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எடையும் பிடியும்

கைப்பிடிக்கு மேலே உள்ள கூம்பில் ‘4யூ ஜி5’ என்பது போல ஒரு குறி இருக்கும். யோனெக்ஸ் கம்பெனிக் கணக்கில் 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84, 5யூ 75 முதல் 79. யூவுக்கு முன்னால் உள்ள எண் கூடினால் எடை குறையும். ஜிக்குப் பின்னால் உள்ள எண் கூடினால் பிடி மெலியும். இரட்டையர் ஆடுபவர் 4யூ ஜி5 வாங்குங்கள். பிடி மெலிதாகத் தோன்றினால் ஓவர்கிரிப் (பிடியின் மேல் சுற்றும் பட்டை) சுற்றித் தடிமனாக்கலாம். தடித்த பிடியை மெலிதாக்குவதுதான் கஷ்டம்.

படி 2: தலைப்பாரம்

ஸ்மாஷ் அடிப்பவர் என்றதும் கடையில் தலைப்பாரமான பேட்டைத்தான் எடுத்து வைப்பார்கள். யோனெக்ஸில் அஸ்ட்ராக்ஸ், விக்டரில் த்ரஸ்டர், லி நிங்கில் ஆக்ஸ்ஃபோர்ஸ் எல்லாம் அந்த வகை. எடை தலைப்பக்கம் இருந்தால் காக்கின் (இறகுப்பந்தின்) மேல் அடி அழுத்தமாக விழும். ஆனால் எதிராளி திருப்பி அடிக்கும்போது பேட்டைத் தூக்கித் தடுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும்.

தலைப்பாரம் இருந்தால்தான் வேகம் வரும் என்று நானும் நம்பியிருந்தேன். 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் நம் இரட்டையர் வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸ் சாதனை செய்தார் இல்லையா? அப்போது அவர் கையில் இருந்தது நானோஃபிளேர் 1000 இசட். தலை லேசான வரிசை அது. அதற்கு முன் 2013இல் மலேசியாவின் டான் பூன் ஹியோங் 493 கிலோமீட்டர் அடித்ததும் தலை லேசான நானோரே வரிசைப் பேட்டில்தான். வேகம் கையிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும் வருகிறது. பேட் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஷாஃப்ட்டை (கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவில் உள்ள தண்டை) ஒரு ஸ்கேலின் விளிம்பில் கிடத்தி, இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்தக் கோடு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கட்டிங் போடாத, அதாவது நரம்பு கட்டாத பேட்டில் 285 மி.மீ.க்குக் கீழே வந்தால் தலை லேசு, 295க்கு மேலே போனால் தலைப்பாரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கட்டிங் போட்டால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தலைப்பக்கம் நகரும். 5 கிராம் எடையுள்ள ஓவர்கிரிப் ஒன்று சுற்றினால் ஏறக்குறைய அதே அளவு கைப்பக்கம் திரும்பி வரும். அதனால் பேட்டின் தலை கொஞ்சம் பாரமாகத் தெரிந்தால் உடனே விற்றுவிடாதீர்கள், முதலில் இன்னொரு ஓவர்கிரிப் சுற்றிப் பாருங்கள்.

படி 3: ஷாஃப்ட் (நான் தவறிய இடம்)

இதை நிதானமாகப் படியுங்கள்.

முதல் முறை நான் வாங்கியது, டிவியில் ஒரு உலகத்தர வீரர் கையில் பார்த்த மாடல். ஷாஃப்ட் மிக விறைப்பு. விலை பதினைந்தாயிரத்துக்கு மேல். கையில் எடுத்ததும் அப்படி ஒரு சந்தோஷம். முதல் கேமில் ஸ்மாஷ் நன்றாக இறங்கியது. இரண்டாவது கேமில் டாஸ் எல்லாம் பாதிக் கோர்ட்டிலேயே விழ ஆரம்பித்தது, எதிரே இருப்பவர்கள் அதை அடித்துத் தள்ளினார்கள். மூன்று வாரத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தது. தண்ணீர்க் குடத்தைக்கூட அந்தக் கையால் தூக்க முடியவில்லை. ஆட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பார்த்தேன். வலியோடு ஆடிப் பழகிவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

காரணம் இதுதான். வீசும்போது ஷாஃப்ட் பின்னால் வளைந்து, அடிக்கும் நேரத்தில் நிமிர்ந்து காக்கைத் தள்ள வேண்டும். விறைப்பான ஷாஃப்ட் வளைய வேண்டுமென்றால் கை மிக வேகமாக வர வேண்டும். தினமும் பயிற்சி செய்பவர்களுக்கு அந்த வேகம் கடைசி வரை இருக்கும். வேலை முடிந்து மாலையில் ஆடும் நமக்கு முதல் கேமோடு அது குறைந்துவிடும். அதன்பின் ஷாஃப்ட் ஒரு இரும்புக் கம்பி மாதிரி அப்படியே நிற்கும். அது செய்ய வேண்டிய வேலையையும் கையே செய்யும், அடியின் அதிர்வும் நேராக முழங்கைக்கு வரும்.

இரண்டாவது முறை வாங்கும் முன் நான் செய்த சோதனை:

கோர்ட் நண்பர்களிடம் வெவ்வேறு விறைப்பில் இரண்டு மூன்று பேட் கேட்டு வாங்குங்கள். சோதனையை ஆட்டத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். ஒரு முழு கேம் ஆடிக் கை சோர்ந்த பிறகு தொடங்குங்கள். பின் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றுகொள்ளுங்கள். நண்பர் எதிரேயிருந்து காக்கைத் தூக்கிப் போடட்டும். ஒவ்வொரு பேட்டிலும் பத்து டாஸ். எதிர்ப்பக்கம் பின்னால் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில், அதாவது கடைசி 76 சென்டிமீட்டரில், எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். ஸ்மாஷை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்மாஷ் சத்தம் நம்மை ஏமாற்றும், டாஸ் ஏமாற்றாது. கை சோர்ந்த பிறகும் பின்கோட்டுக்குப் போய் விழுகிறது என்றால் அந்த ஷாஃப்ட் உங்களுக்கு வளைகிறது.

எனக்கு விறைப்பான பேட்டில் பத்துக்கு மூன்றுதான் போனது. நடுத்தர விறைப்பில் எட்டு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்று. ஒரே மாடல் பெயரில் புரோ, டூர், கேம், பிளே என்று பல விலைகளில் வரும். விலை இறங்க இறங்க ஷாஃப்ட்டும் பொதுவாக இளகும். ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு ‘கேம்’ வாங்குவது மட்டம் இல்லை, பல நேரம் அதுதான் சரியான பேட். அஸ்ட்ராக்ஸ் 88இல் டி, எஸ் என்று இரண்டு உண்டு. பின்னால் நின்று அடிப்பவருக்கு டி, முன்னால் நெட்டைக் கவனிப்பவருக்கு எஸ். கடையில் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

படி 4: கட்டிங்

நல்ல பேட்டை மோசமான கட்டிங்கோடு ஆடுவதைவிட, நடுத்தரப் பேட்டை நல்ல கட்டிங்கோடு ஆடலாம். எனக்குப் பிடித்த நரம்பு யோனெக்ஸ் பிஜி65. தடிமன் 0.70 மி.மீ., சீக்கிரம் அறாது. சத்தம் வேண்டும், துள்ளல் வேண்டும் என்பவர்கள் 0.65 மி.மீ. பிஜி66 அல்டிமேக்ஸ் போடுகிறார்கள். எனக்கு அது அடிக்கடி அறுந்துபோகிறது. இழுவை 24 பவுண்டில் தொடங்குங்கள். அதிகமாக இழுத்தால் அடி வேகமாகும் என்பது தவறு. இழுவை கூடினால் நரம்பின் துள்ளல் குறையும், குறி கூர்மையாகும், நடுவில் படாத அடி செத்துப்போகும். ஃப்ரேமில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டவே வேண்டாம்.

நான் சேலத்தில்தான் கட்டிங் போடுகிறேன். தொப்பூர் கணவாய் வழியாக மதிய வெயிலில் திரும்பும்போது பேட்டைக் கார் டிக்கியில் போட மாட்டேன். சூட்டில் நரம்பு தளரும். சீட்டுக்குக் கீழே நிழலில் வைத்துக் கொண்டுவருவேன்.

பின்னர் சேர்த்தது:

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். சோதனையில் எல்லாப் பேட்டிலும் காக் பின்கோட்டைத் தாண்டி வெளியே போகிறதாம். விசாரித்தால் நைலான் காக், அதுவும் சிவப்புப் பட்டை. சிவப்பு வேகமானது, குளிர்ந்த இடத்துக்கானது. நம் ஊர் வெயிலுக்குப் பச்சைப் பட்டையில் சோதித்துப் பாருங்கள். எல்லாப் பேட்டுக்கும் ஒரே வகைக் காக் என்பதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஓசூரிலிருந்து ஒரு அக்கா தன் 13 வயது மகனுக்குக் கேட்டிருந்தார். பையன் ஸ்மாஷ் பிரியன் என்றாலும் 5யூ, இளகிய ஷாஃப்ட், 20 பவுண்டு போதும் அக்கா. தோள் உறுதியாகட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய பேட் வாங்குபவர்கள் நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: விரிசலைக் கண்டுபிடிப்பது எப்படி? ஃப்ரேமின் மேல் வளைவில் பத்து மணி, இரண்டு மணி இருக்கும் இடங்களை நகத்தால் மெல்ல வருடுங்கள். பெயின்ட் உதிர்ந்த இடத்தில் நகம் வழுக்கிப் போனால் வெறும் கீறல். நகம் சிக்கினால் அந்தப் பேட் வேண்டாம். 24 பவுண்டு இழுக்கும்போது கட்டிங் மெஷினிலேயே உடையும்.