டாக்கினிட் ஈயை அடையாளம் காண்பது எப்படி? புதியவர்களுக்கு, படிப்படியாக

அந்துப்பூச்சிப் புழுக்களை வளர்த்துப் பார்ப்பவர்களுக்கு இது என்றாவது ஒருநாள் நடந்தே தீரும். புழு நன்றாகத்தான் தின்னும், கூட்டுப்புழுவாகவும் மாறும். ஆனால் பெட்டியைத் திறந்தால் அந்துப்பூச்சி இருக்காது. உடம்பெல்லாம் முள்முள்ளாக முடி வைத்த சாம்பல் நிற ஈ ஒன்று சுவரில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அது டாக்கினிடே குடும்பத்து ஈயாகத்தான் இருக்கும்.

ஈக்களில் மிகப் பெரிய குடும்பங்களில் இதுவும் ஒன்று. இதுவரை பெயர் வைத்தவை மட்டுமே 8,500 சிற்றினங்களுக்கு மேல். வாழ்க்கை முறை தெரிந்த டாக்கினிட் எல்லாமே ஒட்டுண்ணிகள். இளம் பருவத்தை இன்னொரு பூச்சியின் உடலுக்குள் கழித்துவிட்டு, அநேகமாக அதைக் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும். பூரான், தேள் போன்றவற்றில் வளர்வதும் உண்டு, ஆனால் அது அபூர்வம்.

தொடங்குவதற்கு முன் ஒரு யோசனை. சிற்றினப் பெயரைத் தேடி ஓடாதீர்கள். குடும்பப் பெயர் ஒரு நிமிடத்தில் கிடைக்கும், சிற்றினப் பெயர் கடைசிவரை கிடைக்காமலே போகலாம். இரண்டுக்கும் நடுவில் உங்களை நகர்த்துவது ஒரே கேள்விதான்: இந்த ஈ எந்த உயிருக்குள், எந்த வழியாகப் புகுந்தது?

படி 1: ஈதானா என்று பாருங்கள்

இரண்டே இறக்கைகள், அவற்றுக்குப் பின்னால் குட்டிக் குமிழ் போன்ற ஒரு ஜோடி உறுப்பு. இருந்தால் ஈ. நான்கு இறக்கை என்றால் குளவியோ தேனீயோ. சில பெரிய டாக்கினிட்கள் தேனீயைப் போலவே இருக்கும் என்பதால்தான் இந்தப் படியே.

படி 2: பக்கவாட்டில் பாருங்கள்

எல்லோரும் ஈயை மேலிருந்து படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பக்கவாட்டில் எடுங்கள், அல்லது 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியாகப் பாருங்கள்.

மார்பின் மேற்பகுதி முடியும் இடத்தில், வயிற்றை நோக்கி நீட்டிக்கொண்டு முக்கோணம் போன்ற ஒரு தகடு இருக்கும். அதன் பெயர் ஸ்குடெல்லம். அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். வீட்டு ஈயில் அந்த இடம் தட்டையாகவோ குழிந்தோ இருக்கும். டாக்கினிட்டில் அங்கே தலையணை வைத்தது போல ஒரு புடைப்பு தெரியும். இதைச் சப்ஸ்குடெல்லம் என்பார்கள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் தவறவே விடமாட்டீர்கள்.

அடுத்து, அதே பக்கவாட்டில், பின்காலின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பாருங்கள். தடித்த முட்கள் மேலும் கீழுமாக ஒரு வரிசையில் நிற்கும். பச்சையும் நீலமுமாக மின்னும் ஊன் ஈக்களுக்கும், மார்பில் மூன்று கருங்கோடுகள் கொண்ட சதை ஈக்களுக்கும் இந்த வரிசை உண்டு. ஆனால் அவற்றிடம் புடைப்பு இல்லை. வீட்டு ஈயிடம் இரண்டுமே இல்லை. ஆக, புடைப்பும் முள்வரிசையும் சேர்ந்திருந்தால் டாக்கினிட்.

உணர்கொம்பிலிருந்து கிளம்பும் மெல்லிய இழையையும் பார்த்துக்கொள்ளலாம். ஊன் ஈயில் அது இறகு போல இருக்கும். டாக்கினிட்டில் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும், ஆனால் விதிவிலக்குகள் நிறைய. இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

‘டாக்கினிட் என்றாலே வயிறு முழுக்க முள்’ என்று பலர் மனதில் பதிந்திருக்கிறது. அதனால் வழவழப்பான, தட்டை வயிறு கொண்ட, ஆரஞ்சு நிற ஃபாசினே (டாக்கினிடேயின் ஒரு துணைக்குடும்பம்) ஈக்களை வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முள் குறைவாக இருந்தாலும் புடைப்பைத் தேடுங்கள். இன்னொரு குழப்பம் ரைனோஃபோரிடே. இந்தச் சிறு குடும்பத்திலும் லேசான புடைப்பு உண்டு. ஆனால் அவை ஈரக் கற்களுக்கடியில் வாழும் மரப்பேன்களில் (பெயரில்தான் பேன், நண்டு வகையைச் சேர்ந்த சிறு உயிர்கள்) வளர்பவை. அந்துப்பூச்சிப் புழுவிலிருந்து உங்கள் ஈ வந்திருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

படி 3: நான்கு துணைக்குடும்பங்கள்

எக்சோரிஸ்டினே, டாக்கினினே, டெக்சினே, ஃபாசினே. வெளித்தோற்றத்தை வைத்து இவற்றைப் பிரிப்பது நிபுணர்களுக்கே தலைவலி. ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டி வரும். புதிதாகத் தொடங்குபவர் ஓம்புயிரியிலிருந்து, அதாவது ஈ எதில் வளர்ந்ததோ அந்த உயிரிலிருந்து, பின்னோக்கி யோசிப்பது நல்லது.

நாவாய்ப்பூச்சியிலிருந்து வந்ததா? அநேகமாக ஃபாசினே. மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ இருந்த வண்டுப் புழுவிலிருந்து என்றால் டெக்சினேயாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களில் மற்ற இரண்டும் வரும், எக்சோரிஸ்டினே கூடுதலாக வரும். இது வாய்ப்பைச் சொல்லும் கணக்குதான். உறுதி செய்ய இது போதாது.

படி 4: முட்டை எப்படி உள்ளே போனது?

எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. ஒட்டுண்ணிக் குளவிக்குக் குத்தி முட்டையிட ஊசி போன்ற உறுப்பு இருக்கிறது. டாக்கினிட்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. குத்த முடியாதவன் எப்படி உள்ளே நுழைவான்? அதற்குத்தான் இத்தனை வழிகள்.

முதல் வழி, தோல்மேல் ஒட்டிவிடுவது. புழுவின் மேல், முக்கியமாகத் தலைக்குப் பின்னால், வெள்ளையாக நீள்வட்ட முட்டைகள் ஒட்டியிருந்தால் இதுதான். புழு தன் வாயால் அங்கே எட்டிக் கடிக்க முடியாது. ஆனால் முட்டை பொரிவதற்குள் புழு தோலுரித்துவிட்டால், தோலோடு முட்டையும் போய்விடும். பட்டுப்புழுவைத் தாக்கும் ஊஜி ஈ இந்த வகைதான். அதன் புழு உள்ளே நுழைந்த இடத்தில் பட்டுப்புழுவின் தோலில் கருப்புத் தழும்பு விழும். பட்டு வளர்ப்பவர்கள் அந்தத் தழும்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது வழியில் தாய் ஈ ஓம்புயிரியைத் தொடுவதே இல்லை. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்முட்டைகளை இலையில் இட்டுவிட்டுப் போய்விடும். புழு இலையோடு சேர்த்து அதை விழுங்கும். முட்டை குடலுக்குள் பொரிந்து, ஈயின் புழு குடல் சுவரைத் துளைத்து உடலுக்குள் போகும். பெரும்பாலான முட்டைகள் யார் வாயிலும் விழாமல் வீணாகும் என்பதால் இவை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எக்சோரிஸ்டினேயில் கோனியினி என்ற இனக்குழு முழுக்க இப்படித்தான். கனடாவில் குளிர்கால அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சைசெனிஸ் அல்பிகன்ஸ் இதற்குப் பெயர் பெற்றது.

மூன்றாவது, ஓம்புயிரியின் அருகில் புழுக்களை விட்டுவிடுவது. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே முதிர்ந்துவிடும். கரும்புத் தண்டுத் துளைப்பானின் துளை வாயில் ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ் தன் புழுக்களை இடும். உள்ளே இருக்கும் துளைப்பானை அவைதான் தேடிப் போக வேண்டும். இதே வழியில் ஓர்மியா ஓக்ரேசியா இன்னும் ஒரு படி மேலே போகிறது. இருட்டில் பாடும் ஆண் பாச்சையை (சுவர்க்கோழி) அதன் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, அதன்மேலும் சுற்றிலும் புழுக்களை இடுகிறது. அதன் காது கழுத்துக்குக் கீழே, முன்கால்களுக்கு முன்னால் இருக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் இந்த ஈயின் தொல்லையால் பாடவே முடியாத இறக்கை கொண்ட ஆண் பாச்சைகள் பெருகிவிட்டன. 2003இல் அது கவனத்துக்கு வந்தது.

நான்காவது வழி, உண்மையிலேயே குத்துவது. காம்ப்சிலூரா கான்சின்னேட்டாவின் பெண் ஈக்கு வயிற்றடியில் குத்தும் முள் உண்டு. ஜிப்ஸி அந்துப்பூச்சியை ஒழிக்க 1906இல் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 200க்கும் மேற்பட்ட ஓம்புயிரிகளில் வளரக்கூடிய ஈ இது. அதனால் அங்கிருந்த அழகான பெரிய பட்டு அந்துப்பூச்சிகளையும் பதம் பார்த்துவிட்டது. ‘இயற்கை எதிரி’ என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் தீங்கு வராமல் இருந்துவிடாது.

படி 5: உள்ளே நடப்பது

ஈயின் புழு மூன்று பருவங்களில் வளரும். மூச்சு விடக் காற்று வேண்டுமே? ஓம்புயிரியின் உடல் அந்நியப் பொருளைச் சுற்றிச் செல்களால் உறை போட்டு மூச்சுத் திணறடிக்கப் பார்க்கும். பல டாக்கினிட் புழுக்கள் அந்த உறையையே புனல் போலாக்கி, அதன் மறுமுனையை ஓம்புயிரியின் தோலோடோ மூச்சுக்குழாயோடோ இணைத்து, பின்புறத் துளைகள் வழியாகச் சுவாசிக்கும். கொல்ல வந்த ஆயுதத்தையே மூச்சுக்குழலாக்கிக்கொள்கிறது! முக்கிய உறுப்புகளைக் கடைசிவரை விட்டுவைப்பதால்தான் உங்கள் புழு சந்தேகமே வராதபடி தின்றுகொண்டிருந்தது.

படி 6: நீங்களே வளர்த்துப் பாருங்கள்

முட்டை ஒட்டிய புழுவையோ, நாலைந்து சாதாரணப் புழுக்களையோ அவை தின்னும் செடியோடு சேர்த்து எடுத்து வாருங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு புழு. மூடிக்குப் பதில் மெல்லிய துணி. அடியில் சற்றே ஈரமான மணல் 3 செ.மீ. அளவுக்குப் போடுங்கள். ஈரம் அதிகமானால் பூஞ்சை பிடிக்கும், காய்ந்துபோனால் கூடு சுருங்கிவிடும்.

புழு செத்து, பக்கத்தில் வெள்ளைப் பட்டுக் கூடுகள் கொத்தாக இருந்தால் அது குளவியின் வேலை. ஈ என்றால் காலில்லாத வெளிர் நிறப் புழு வெளியே வந்து, மணலில் புதைந்து, செம்பழுப்பு நிறத்தில் இரு முனையும் உருண்ட உறையாக இறுகும். சில வகைகள் செத்த ஓம்புயிரிக்குள்ளேயே உறையாகிவிடும். உறையைக் கிளறாமல் விடுங்கள். உள்ளிருக்கும் ஈ தலையில் ஒரு பையை ஊதி, உறையின் முனையைத் தள்ளித் திறந்து வரும். முனை திறக்காமல் பக்கத்தில் சிறு வட்டத் துளை இருந்தால், ஈயையே ஒரு குளவி தின்று முடித்திருக்கிறது என்று அர்த்தம்.

புதிதாக வந்த ஈ வெளிறி, இறக்கை சுருங்கி இருக்கும். ஒரு நாள் விட்டுவிட்டுப் படம் எடுங்கள். காலி உறையைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் பின்முனையில் உள்ள மூச்சுத்துளைத் தட்டுகளின் வடிவம் பேரினத்தை அடையாளம் காண உதவும். ஈயோடு சேர்த்தே வையுங்கள்.

படி 7: சீட்டு எழுதுங்கள்

ஓம்புயிரியின் பெயர், அது தின்ற செடி, எடுத்த இடம், எடுத்த தேதி, ஈயின் புழு வெளியே வந்த தேதி, ஈ வந்த தேதி. இந்த ஆறும் இல்லாத ஈ யாருக்கும் பயன்படாது. பெயர் எழுதும் இடத்தில் படத்தை மட்டும் பார்த்துச் சிற்றினம் எழுதாதீர்கள். ‘டாக்கினிடே, எக்சோரிஸ்டினேயாக இருக்கலாம், தோல்மேல் முட்டை’ என்று எழுதினால் போதும். இந்தக் குடும்பத்தைப் படிக்கும் நிபுணர் யாராவது பின்னால் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தால், தவறான சிற்றினப் பெயரைவிட இந்த வரிதான் அவருக்கு உதவும்.