4ஏ-ஜிஇ இன்ஜினில் கேம் டைமிங்கை அளந்து திருத்துதல்

டொயோட்டாவின் 1,587 சிசி 4ஏ-ஜிஇ போன்ற இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு; சுருக்கமாகக் கேம்) இன்ஜினில் நகர்த்தக்கூடிய கேம் புல்லிகளை மாட்டுவோர் பலர், புல்லியில் பொறித்துள்ள பூஜ்யத்தையே சரியான டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் தருணம்) என்று நம்பிவிடுகிறார்கள். ஹெட் ஃபேஸிங் (சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது) செய்த இன்ஜினில் கிராங்குக்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமுக்கும் இடையிலான தூரம் குறைந்துவிடுவதால், குறிகள் அத்தனையும் நேராக நின்றாலும் கேம் சற்றுப் பின்தங்கியே இருக்கும். இந்தப் புல்லிகளால் கிடைக்கும் கூடுதல் சக்தி என்று பேசப்படுவதில் கணிசமான பங்கு, இப்படி இழந்ததைத் திரும்பப் பெறுவதுதான் என்பது என் கணிப்பு.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, கிராங்கில் டிகிரி வீலை (கோண அளவு பொறித்த வட்டு) மாட்டி, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கட்டை) திருகுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுழற்றும்போது பிஸ்டன் இரு திசைகளிலும் முட்டி நிற்கும் இடங்களின் நடுப்புள்ளியே உண்மையான டாப் டெட் சென்டர், அதாவது பிஸ்டனின் உச்ச நிலை. அங்கே வீலைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டாப்பைக் கழற்றிவிடுங்கள். அடுத்து, டயல் கேஜின் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) முனை இன்டேக் வால்வின் பக்கெட் (கேம் அழுத்தும் கிண்ண வடிவ மூடி) விளிம்பைத் தொட வேண்டும். வால்வு நகரும் சாய்விலேயே கேஜும் நிற்காவிட்டால் அளவு பிசகிவிடும். வால்வு முழுமையாகத் திறக்கும் நிலைக்கு 1 மி.மீ. முன்பும், அதைக் கடந்து 1 மி.மீ. இறங்கிய பின்பும் வீல் காட்டும் டிகிரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு இன்ஜின் ஓடும் திசையில் மட்டுமே சுழற்ற வேண்டும், ஏனெனில் பின்னோக்கித் திருப்பினால் பெல்ட்டின் தொய்வு கணக்கைக் கெடுக்கும். 72, 148 என்று வந்தால் நடுவிலுள்ள 110தான் லோப் சென்டர், அதாவது கேம் வால்வை உச்சத்தில் திறக்கும் இடம். கேமுடன் வந்த அட்டை 106 என்று சொன்னால், கேமை 4 கிராங்க் டிகிரி முன்னே தள்ள வேண்டும். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் அது கேமின் அளவில் 2 டிகிரிதான். புல்லியின் கோடுகள் இவற்றில் எதைக் குறிக்கின்றன என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

இன்டேக் கேமை முன்னே தள்ளினால் வால்வு சீக்கிரம் மூடி, கீழ் மற்றும் நடு ஆர்பிஎம்மில் இழுவை கூடும். பின்னே தள்ளினால் உயர் ஆர்பிஎம்மில் மூச்சு கிடைக்கும். டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரம்) ஒரு முறைக்கு ஒரு கேமை மட்டும், அதுவும் 2 கிராங்க் டிகிரி மட்டும் நகர்த்தி, உச்ச எண்ணை விடுத்து சக்தியின் முழு வளைவையும் ஒப்பிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பாகம்) ஓட்டும் கேமை நகர்த்தினால் இக்னிஷன் டைமிங்கும் (பிளக் பொறி விடும் தருணம்) கூடவே நகர்வதால், அதை ஒவ்வொரு முறையும் டைமிங் லைட்டால் பார்த்துத் திருத்த வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புல்லி போல்ட்டுகளை இறுக்கி, ஸ்டார்ட்டரைத் தொடுமுன் கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுழற்றுங்கள். எங்காவது தடை தட்டினால் அதே இடத்தில் நிறுத்திவிடுங்கள்; அது வால்வு பிஸ்டனில் முட்டுவதாக இருக்கலாம்.