துவைத்த பிறகும் நாறும் பாலியெஸ்டர் டி-ஷர்ட்டுக்கு

காய்ந்ததும் நன்றாகத்தான் இருக்கும். போட்டு லேசாக வியர்த்தால் பழைய நாற்றம் திரும்பக் கிளம்பும். பாலியெஸ்டர் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, ஆனால் உடம்பு எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி.

4 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு வெள்ளை வினிகர் கலந்து, சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி 30 நிமிடம் ஊறவிடுங்கள். அலசிவிட்டு, அளவான சோப்புத்தூளில் துவையுங்கள். தூளை அள்ளிப் போட்டால் மிச்சம் துணியிலேயே தங்கி அழுக்கைச் சேர்க்கும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது இழைமேல் படலமாகப் படிந்து எண்ணெயை உள்ளே பூட்டிவிடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் நச்சுவாயு வரும், கவனம்.

மலையேறி வந்ததும் ஈரச் சட்டையைப் பையில் சுருட்டி வைக்காதீர்கள். உடனே துவைக்க முடியாவிட்டால் அலசியாவது கொடியில் போடுங்கள்.