எந்த கிளாஸில் லெவல் ஏற்றுவது கஷ்டம்? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வாரியர் எடுக்காதே, லெவலே ஏறாது." "ஹண்டர் எடு, கண்ணை மூடிக்கொண்டு 60-க்குப் போய்விடலாம்." ஆன்லைன் கேம் ஒன்றைப் புதிதாகத் தொடங்கி, கிளாஸ் எனப்படும் பாத்திர வகையைத் தேர்ந்தெடுக்கிறவருக்கு முதல் நாளே இப்படி ஓர் அறிவுரை வந்துவிடும். சொல்கிறவர்கள் அனுபவத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த கேம், எந்த வருஷத்து பேட்ச் (கேமில் மாற்றங்கள் செய்து வெளியிட்ட பதிப்பு), தனியாகவா பார்ட்டி எனும் குழுவோடா, எந்த லெவலிலிருந்து எந்த லெவல் வரை என்பதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். இவை இல்லாமல் "கஷ்டம்", "சுலபம்" என்ற சொற்களுக்குப் பெரிய பொருள் கிடையாது. ஒரே கிளாஸ் ஒரு கேமில் ராஜா, இன்னொன்றில் யாரும் பார்ட்டிக்குக் கூப்பிடாத ஆள். பழைய கேம்களையும் புதிய கேம்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. நான் அடிக்கடி பார்க்கிற, நானே செய்தும் இருக்கிற தவறுகள் இவை.

அட்டவணையை மட்டும் பார்ப்பது

லெவல் ஏற எத்தனை எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும் என்ற எண்ணை வைத்தே தீர்ப்பு எழுதுவது முதல் தவறு. இந்தப் பழக்கம் வந்த வழி புரிகிறது. கணினிக்கு முன்பே மேஜையில் ஆடிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனி அட்டவணை இருந்தது. அதன் இரண்டாம் பதிப்பில் இரண்டாவது லெவலைத் தொட திருடனுக்கு 1,250 புள்ளி போதும். ஃபைட்டருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்புதான் எல்லோருக்கும் ஒரே அட்டவணை என்று மாற்றியது.

1999-இல் வந்த எவர்குவெஸ்ட் பழைய வழியைப் பின்பற்றியது. பாலடின், ரேஞ்சர், ஷேடோ நைட், பார்ட் ஆகிய கலப்பு கிளாஸ்களுக்கு 40 சதவீதம் கூடுதல் எக்ஸ்பி தேவைப்பட்டது. வாரியருக்கு 10 சதவீதம் குறைவு. இனத்துக்கும் தனிக் கணக்கு இருந்தது. ட்ரோல் என்றால் இன்னும் 20 சதவீதம். இரண்டும் ஒன்றோடொன்று பெருகும் என்பதால், மனித வாரியரோடு ஒப்பிட்டால் ட்ரோல் ஷேடோ நைட்டுக்கு ஏறக்குறைய 1.87 மடங்கு எக்ஸ்பி வேண்டும்.

அப்படியானால் வாரியர்தான் வேகமாக ஏறியிருக்க வேண்டும், இல்லையா? நடந்தது வேறு. 10 சதவீதம் அபராதம் சுமந்த நெக்ரோமான்சர் தனியாகவே சுற்றி வந்தார். கூடவே ஒரு பெட் (அவருக்காகச் சண்டையிடும் துணை உயிரினம்), எதிரியின் உயிரை உறிஞ்சும் மந்திரம், பயந்து ஓடவைத்து விஷத்தால் மெல்லக் கொல்லும் உத்தி, நிலைமை மோசமானால் செத்தவர்போல் விழுந்து கிடக்கும் வசதி என்று எல்லாம் அவரிடம் இருந்தது. சலுகை பெற்ற வாரியரோ குணப்படுத்தும் க்ளெரிக் ஒருவர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். கலப்பு கிளாஸ்களின் பாடு இன்னொரு விதம்: பார்ட்டியில் எக்ஸ்பியைப் பிரித்த முறையால் அவர்களின் அபராதத்தில் ஒரு பங்கு மற்றவர்கள் தலையிலும் விழுந்தது. அதனாலேயே அவர்களைச் சேர்க்கப் பலர் தயங்கினார்கள். 2001 தொடக்கத்தில் கிளாஸ் அபராதம் நீக்கப்பட்டது. அதற்கு முன் ஆடிய பாலடினும் பின் ஆடிய பாலடினும் ஒரே கேமைப் பற்றிப் பேசினாலும், சொல்லும் கதைகள் பொருந்தாது.

காத்திருந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதது

பழைய கேம்களைப் பற்றிய பேச்சில் அதிகம் விடுபடுவது இதுதான் என்பது என் எண்ணம். சண்டையில் எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்று பார்க்கிறோம். சண்டை தொடங்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பது மறந்துபோகிறது.

2002-இல் ஜப்பானில் வெளியான ஃபைனல் ஃபேன்டஸி 11 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அந்த நாட்களில் பத்தாம் லெவலைத் தாண்டியதும் பெரும்பாலான ஜாப்களுக்கு (அங்கே கிளாஸுக்கு அதுதான் பெயர்) தனியாக ஆடுவது பலன் தரவில்லை. ஆறு பேர் சேர்ந்து வால்கர்ம் மணல்வெளியில் நண்டும் பல்லியும் அடிக்க வேண்டியிருந்தது. ஒயிட் மேஜ், பார்ட், ரெட் மேஜ் ஆட்களுக்கு அழைப்பு உடனே வரும். டிராகூன் எடுத்தவர் பார்ட்டி தேடும் கொடியைப் போட்டுவிட்டு ஊரிலேயே மணிக்கணக்கில் நிற்பார். இரண்டு பேருக்கும் எக்ஸ்பி அட்டவணை ஒன்றுதான். பீஸ்ட்மாஸ்டர் மட்டும் காட்டு விலங்குகளை வசியம் செய்து சண்டைக்கு விட்டுத் தன் வழியில் தனியாகப் போய்க்கொண்டிருப்பார்.

அதோடு துணை ஜாப் என்று ஒன்று உண்டு. 18-ஆம் லெவலில் ஒரு குவெஸ்ட் (கேம் தரும் பணி) முடித்தால் திறக்கும். அதன் லெவல் முதன்மை ஜாப்பில் பாதிவரைதான் பயன்படும். 75-இல் நிற்கும் ஒருவருக்கு நிஞ்சா துணை வேண்டுமானால் நிஞ்சாவை 37 வரை தனியாக ஏற்றியிருக்க வேண்டும். "என் ஜாப் 75 ஆக இத்தனை நாள் ஆனது" என்று யாராவது சொன்னால், துணை ஜாப்புக்குப் போன நாட்கள் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. 2008-இல் லெவல் சிங்க் வந்தது. வெவ்வேறு லெவலில் உள்ளவர்கள் ஒரே பார்ட்டியில் ஆட வழி பிறந்தது. காத்திருக்கும் நேரம் குறைந்ததும் ஜாப்களுக்கு இடையிலான இடைவெளியும் சுருங்கியது. எந்த ஜாப்பின் சக்தியும் அதற்காக மாறவில்லை.

ஆரம்பகால வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் காத்திருப்பு சின்னச் சின்னத் துண்டுகளாக வரும். ஒரு கணக்குக்காக, வாரியர் ஓர் எதிரியை 20 விநாடியில் முடிக்கிறார், ஹண்டர் 25 விநாடியில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பதில் வாரியர்தான் முந்துகிறார். ஆனால் வாரியருக்கு ரத்தத்தை மீட்கும் மந்திரம் இல்லை. இரண்டு எதிரிக்கு ஒருமுறை உட்கார்ந்து 25 விநாடி சாப்பிட வேண்டும். ஹண்டர் பக்கம் அடி வாங்குவது பெட் என்பதால் அவர் நிற்பதே இல்லை. நடக்கும் தூரத்தை விட்டுவிட்டால், மணிக்கு வாரியர் சுமார் 110 எதிரி, ஹண்டர் 144. அந்த கேமில் எல்லா கிளாஸுக்கும் தேவைப்படும் எக்ஸ்பி ஒன்றே. வித்தியாசம் முழுவதும் அந்தச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது.

ஒரு துண்டைப் பார்த்து முழுவதையும் சொல்வது

ஹண்டர் சுலபம் என்கிறோம். 2004-இல் வந்த வார்கிராஃப்டில் ஹண்டருக்குப் பத்தாம் லெவலில்தான் பெட் கிடைக்கும். அதுவரை எதிரி நெருங்கி வந்தால் வில்லும் உதவாது. ஐந்து கெஜத்துக்கும் எட்டு கெஜத்துக்கும் இடையில் அவரால் அம்பும் விட முடியாது, கையாலும் அடிக்க முடியாது. அந்தப் பத்து லெவலை மட்டும் ஆடிவிட்டு விட்டவர் வேறு மாதிரிதான் எழுதுவார். டிரூயிட்டும் அப்படியே: கரடி உருவம் 10-இல், பூனை உருவம் 20-இல். பூனைக்கு முன்பும் பின்பும் அது வேறு வேறு கிளாஸ். மேஜ் ஆரம்பத்தில் சாதாரணமாக ஏறும். ப்ளிஸார்ட் என்ற பனி மந்திரம் கிடைத்து, ஒரே நேரத்தில் பத்து எதிரியைக் குளிரில் நடுங்கவைத்து அடிக்கப் பழகியதும் யாரும் பிடிக்க முடியாது.

வாரியருக்கு 30-இல் ஒரு தனி குவெஸ்ட் வழியாக வர்ல்விண்ட் ஆயுதம் கிடைக்கும். பழைய வார்கிராஃப்டை மீண்டும் வெளியிட்ட 2019 கிளாசிக்கில் நான் வாரியரை ஏற்றியபோது அந்தக் கோடரியைக் கையில் வாங்கிய மாலை இன்னும் நினைவிருக்கிறது. முந்தைய நாள் என்னைத் துரத்திய எதிரிகள் மூன்று அடியில் விழுந்தார்கள். வாரியரின் பலம் ஆயுதம், கவசம் என்ற கியரில் இருக்கிறது. நல்ல ஆயுதத்தோடு ஒப்பிடுகிறோமா, துருப்பிடித்த கத்தியோடு ஒப்பிடுகிறோமா என்பதைச் சொல்லாமல் பேசுவது வீண்.

பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பதிப்பில் 40-ஆம் லெவலில் குதிரை ஏறப் பெரும்பாலானோர் சுமார் 100 கோல்டு சேர்க்க வேண்டியிருந்தது. பாலடினுக்கும் வார்லாக்குக்கும் அது கிட்டத்தட்ட இலவசம். அந்தக் காசுக்காக மற்றவர்கள் அலைந்த மணிநேரங்களும் லெவலிங் நேரம்தான்.

பில்டையும் கிளாஸையும் ஒன்றாக நினைப்பது

ஒரே கிளாஸுக்குள் புள்ளிகளை எதில் போடுகிறோம் என்பதுதான் பில்ட். ராக்னராக் ஆன்லைனில் குணப்படுத்தும் கிளாஸான அக்கோலைட்டைப் பற்றி இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். முழுக்க மற்றவர்களைக் குணப்படுத்துவதற்காகப் புள்ளிகளைப் போட்டவருக்குத் தனியாக ஒரு புழுவைக் கொல்வதே பாடு. அதே ஆள் அன்டெட் (நடைபிணம்) எதிரிகள் இருக்கும் இடத்துக்குப் போனால், ஹீல் மந்திரமே ஆயுதமாகிவிடும். பலத்தில் புள்ளி போட்டவருக்கு வேறு வழி. அந்தக் காலத்தில் போட்ட புள்ளியைச் சாதாரணமாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. இன்றைய பல கேம்களில் ஊருக்குள் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் பில்ட் மாறிவிடுகிறது. ஹீலராக இருப்பவர் தனியாகப் போகும்போது மட்டும் அடிக்கும் வகைக்கு மாறிக்கொள்வார். "ஹீலருக்கு லெவல் ஏறாது" என்ற பழைய வாசகத்தை இங்கே கொண்டுவருவதில் அர்த்தமில்லை.

பதிப்புகளைக் கலப்பது

"வார்கிராஃப்டில் லெவல் ஏற்றுவது" என்று ஒரே விஷயம் இருப்பதுபோல் பேசுகிறோம். 2007 நவம்பரில் வந்த 2.3 பேட்ச் 20 முதல் 60 வரை தேவையான எக்ஸ்பியைக் குறைத்தது. அடுத்த வருஷம் கூடுதல் எக்ஸ்பி தரும் ஹேர்லூம் பொருட்கள் வந்தன. 2020-இல் 120 ஆக இருந்த உச்ச லெவலை 60 ஆகச் சுருக்கினார்கள். இன்றைய வாரியருக்கு, எதிரியைக் கொன்றதும் ரத்தத்தை மீட்கும் விக்டரி ரஷ் ஆரம்பத்திலேயே கிடைத்துவிடுகிறது. மேலே சொன்ன சாப்பாட்டுக் கணக்கே அவருக்குப் பொருந்தாது.

கிளாசிக்கை 2004-இன் நகல் என்று எடுத்துக்கொள்வதும் இதே தவறு. 2019-இல் அது 1.12 பேட்ச்சின் திறமைகளோடு தொடங்கியது. அவை 2006-இல்தான் அந்த நிலைக்கு வந்தவை. ஆடியவர்களிடம் பதினைந்து வருஷ அறிவும் இருந்தது. "அப்போதும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்" என்று அதை வைத்துச் சொல்வது, 2004-இல் எதுவும் தெரியாமல் தடுமாறியவர்களுக்கு நியாயம் செய்யாது.

முதல் பயணத்தையும் இரண்டாவதையும் ஒப்பிடுவது

புதிய கேம்களில் இதுதான் அதிகம் நடக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் ஒரே பாத்திரம் எல்லா ஜாப்பையும் ஏற்றலாம். நண்பர் ஒருவர், "ஒயிட் மேஜ் ஏற மாதக்கணக்கில் ஆனது, டார்க் நைட் சில வாரத்தில் முடிந்தது, டார்க் நைட்தான் சுலபம்" என்றார். அவர் மறந்தவை பல. முதல் ஜாப்போடு முழுக் கதையையும் பார்த்தார். இரண்டாவதுக்கு, தன் உச்ச ஜாப்பைவிடக் கீழே இருப்பதால் கூடுதல் எக்ஸ்பி கிடைத்தது. டார்க் நைட் 30-ஆம் லெவலில்தான் தொடங்குகிறது. முதல் 30 லெவல் அவர் ஏற்றவே இல்லை. குழுவுக்காக அடி வாங்கும் டேங்க் என்பதால் டன்ஜனுக்குள் போக வரிசையில் காத்திருப்பும் குறைவு. சம்மனரையும் ஸ்காலரையும் ஒப்பிடுவதற்கோ இடமே இல்லை. இரண்டுக்கும் லெவல் ஒன்றுதான், ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும்.

சாவின் விலையை மறப்பது

அந்தக் கால எவர்குவெஸ்டில் செத்தால் எக்ஸ்பி போகும். பொருட்கள் பிணத்தோடு கிடக்கும், போய் எடுத்து வர வேண்டும். ஃபைனல் ஃபேன்டஸி 11-இல் லெவலே இறங்கும். வார்கிராஃப்டில் ஆவியாக ஓடி வந்தால் போதும். எந்த கிளாஸ் நல்லது என்பதை இந்த விலை மாற்றிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் வார்கிராஃப்ட் கிளாசிக்கின் ஹார்ட்கோர் சர்வர்கள் வந்தன. அங்கே ஒருமுறை செத்தால் அந்தப் பாத்திரத்தின் கதை முடிந்தது. சாதாரண சர்வரில் வேகத்துக்குப் பெயர் போன மேஜின் பத்து எதிரி உத்தி அங்கே உயிருக்கு ஆபத்து. ஆமை வேகம் என்று சொல்லப்பட்ட பாலடின், கவசக் குமிழியும் கடைசி நேர ஹீலும் கையில் இருப்பதால், பலருடைய முதல் தேர்வானார். ஹண்டருக்கு 30-இல் வரும் செத்தவர்போல் கிடக்கும் திறமையும் அங்கே தங்கம்.

ஆக, யாராவது உங்களிடம் கிளாஸ் பட்டியலை நீட்டினால், அவர் எந்த சர்வரில், தனியாகவா கூட்டாகவா, எந்த லெவல் வரை ஆடினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நிலைமையோடு அது பொருந்தினால் எடுத்துக்கொள்ளலாம். கிளாசிக்கில் வாரியர் பிடித்திருக்கிறது, ஆனால் பட்டியல் பயமுறுத்துகிறது என்றால், ஒரு ஹீலர் நண்பரோடு சேர்ந்து ஏற்றிப் பாருங்கள். சாப்பிட உட்காரும் அந்த நேரம் பெரும்பாலும் மறைந்துவிடும். 38-இல் சலித்து நிறுத்தாதீர்கள். வாரியரின் பெரிய அடியான மார்ட்டல் ஸ்ட்ரைக் 40-இல் வருகிறது.