ஃபுல்லரீன் கலந்த நீரில் பாக்டீரியாவைச் சோதிக்கும் முறை

1985-இல் கண்டறியப்பட்ட ஃபுல்லரீன், 60 கார்பன் அணுக்கள் பந்தாகக் கோத்த மூலக்கூறு. அது நீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். ஆயினும் அதன் தூளைத் தூய நீரில் இட்டுக் காந்தக் கலக்கியில் வாரக்கணக்கில் சுழலவிட்டால், மூலக்கூறுகள் பல சேர்ந்து எதிர்மின்சுமை கொண்ட நானோ திரள்களாகி, மஞ்சள் கலந்த பழுப்பு நிறக் கூழ்மமாக (நுண்துகள்கள் படியாமல் மிதக்கும் நீர்மமாக) நிலைத்து நிற்கும். பாக்டீரியாவைத் தொடுவது இத்திரள்களே என்பதால், சோதனையையும் இவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்துப் பின் நீருக்கு மாற்றும் முறை விரைவானது. ஆனால் அக்கரைப்பானின் எச்சமும் அதன் சிதைவுப் பொருள்களும் தாமே நஞ்சாகக்கூடும். முந்தைய சில ஆய்வுகளில் ஃபுல்லரீன்மீது சுமத்தப்பட்ட பழியில் ஒரு பங்கு உண்மையில் இவற்றுக்கு உரியது. எனவே தாமதமானாலும் கலக்கும் முறையையே நான் பரிந்துரைப்பேன்.

கூழ்மத்தை 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்தபின், இட்ட தூளின் எடையைக் கொண்டு செறிவைக் கணக்கிடாதீர்கள். தூளில் பெரும்பகுதி தாளிலேயே தங்கியிருக்கும். ஒரு சிறு பகுதியில் உப்புச் சேர்த்துத் திரள்களின் நிலைப்பைக் குலைத்து, புகைபோக்கிப் பேழைக்குள் டொலுயீன் என்ற, நீரோடு கலவாத கரைப்பானுடன் குலுக்கினால், ஃபுல்லரீன் மேலடுக்குக்கு ஏறி ஊதா நிறம் தரும். அதன் ஒளி உட்கவர்தலை 335 நானோமீட்டர் அருகே அளந்து செறிவை அறியலாம்.

பலர் இடறுவது பாக்டீரியாவை வளர்க்கும் சத்து நீர்மமான வளர்ப்பூடகத்தில்தான். உப்பு மிகுந்த வழக்கமான ஊடகத்தில் மின்சுமையின் விலக்கு விசை மறைக்கப்படுவதால் திரள்கள் ஒட்டிப் பருத்து அடியில் படிந்துவிடும்; கால்சியம் அயனி இதைச் சோடியத்தைவிட எளிதில் செய்துவிடும். பாக்டீரியா பிழைத்ததைக் கண்டு ஃபுல்லரீன் தீங்கற்றது என எழுதிவிட்டால், குழாயின் அடியில் கிடக்கும் படிவு அதை மறுக்கும். ஆகவே உப்புக் குறைந்த ஊடகத்தைத் தேர்ந்து, அதில் திரள்களின் அளவைச் சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்துகொள்ளுங்கள். சிறு திரள்களே கொல்லும் திறன் மிகுந்தவை.

கூழ்மமே ஒளியை மறைப்பதால் கலங்கலை வைத்து வளர்ச்சியை மதிப்பிடாமல், சோதனைக்கு எடுத்த ஈ. கோலை பாக்டீரியாவைத் தட்டில் பரப்பிக் காலனிகளை எண்ணுங்கள். ஃபுல்லரீன் இல்லாமல் அதே நாள்கள் கலக்கிய நீரையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். ஏரி, குளங்களில் மட்கிய தாவரங்களிலிருந்து வரும் ஹியூமிக் பொருள்கள் திரள்களைப் போர்த்தி அவற்றின் நச்சுத்தன்மையைத் தணிக்கக்கூடும். ஏரியைப் பற்றி எழுத எண்ணினால், அந்த ஏரி நீரிலேயே இன்னொரு வரிசை வைப்பது அவசியம்.